சுவருக்கு முகம் எந்தப் பக்கம்

எனக்கும் என் தங்கைக்கும் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. சண்டை போட்டுக் கட்டிய சுவர் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது தப்பு. சண்டை வந்துவிடக் கூடாதே என்று கட்டிய சுவர் அது. கட்ட ஆரம்பித்த பிறகுதான் சண்டை வந்தது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் அப்பா வாங்கிப் போட்ட இடம். அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆண் பிள்ளை கிடையாது, நாங்கள் இரண்டு பெண்கள்தான். கிழக்குப் பக்கம் அவர் கட்டிய பழைய வீடு, அது தங்கைக்கு. மேற்குப் பக்கம் காலி மனை, அது எனக்கு. அதில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வீடு கட்டிக்கொண்டோம். நடுவில் திறந்த வெளி. அவள் கோழி என் முற்றத்தில் மேயும், என் ஸ்கூட்டர் அவள் வாசலில் நிற்கும். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகும் அப்படியேதான் இருந்தது.

அது சொந்தக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போய், "இப்ப நல்லாத்தான் இருக்கிய. நாளைக்கு மருமக்கமாரு வந்தாச்சுன்னா என்ன செய்விய? ஒரு சொவர எழுப்பிப் போடுங்க. கிட்ட இருந்தா முட்டப் பகைம்மா" என்பார்கள். சொன்னவர்கள் எல்லாருமே உடன்பிறந்தவர்களோடு கோர்ட்டு வரை போய் வந்தவர்கள். அனுபவஸ்தர்கள் பேச்சைத் தட்டக் கூடாது இல்லையா?

அவர்கள் எடுத்துக்காட்டாகச் சொன்னது எங்கள் அம்மாவையும் பெரியம்மாவையும். ஒரே தெருவில் இருந்துகொண்டு, வாசலில் ஓடிய சாக்கடைத் தண்ணீருக்காகப் பேச்சை நிறுத்தியவர்கள். பெரியம்மா இறந்த அன்று சங்குச் சத்தம் எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அம்மா போகவில்லை. மாட்டுத் தொழுவத்தில் நின்றுகொண்டு, ஏற்கெனவே கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். "போயிட்டு வாம்மா" என்று சொன்னதற்கு என்னை அடிக்க வந்தாள்.

எனக்கு இருப்பது ஒரே ஒரு தங்கை. பேச்சு நின்றுபோவது என்றால் என்ன என்று கண்ணால் பார்த்தவள் நான். அவளும் பார்த்தவள்தான். அந்தப் பயத்தில்தான் நான் சுவருக்குச் சரி என்றேன், அவளும் சரி என்றாள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தங்கை பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ராணுவத்தில், வடக்கே எங்கோ பனியில் காவல் நிற்கிறார். என் வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலை. அவரிடம் சுவர் விஷயத்தைச் சொன்னதும், "ஹாலோ பிளாக்க அடுக்கிவிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் வந்த கொத்தனார் அதைக் காதில் வாங்கவே மறுத்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை, வேலைத் திறமையைப் பற்றி ஊரில் எல்லாரும் நல்லபடியாகச் சொன்னார்கள், அவரும் சொன்னார். "ஹாலோ பிளாக்கா? அது கட்டுததா டீச்சர்? அடுக்குதது. மூடை அடுக்குத மாதிரி. அதுக்கு எதுக்கு கொத்தனாரு, சார் வேல பாக்க எடத்துல இருந்து ரெண்டு லோடுமேனக் கூப்பிட்டுக்கிடுங்க." செங்கல்தான் என்று முடிவானது. கல்லும் வந்து இறங்கியது, மணலும் வந்து இறங்கியது.

கயிறு பிடித்து அளந்து சுண்ணாம்பில் கோடு போட்டபிறகு, அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்டார்.

"இப்பவே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். நூல எந்தப் பக்கம் பிடிக்க?"

எனக்குப் புரியவில்லை. அவர் இரண்டு செங்கலை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சூளையில் வெந்த கல் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. ஒன்று நெருப்பில் சுருங்கியிருக்கும், ஒன்று ஊதியிருக்கும். ஒன்பது இஞ்சுச் சுவரில் குறுக்கே வைக்கிற கல்லின் தலையை ஒரு பக்கம் நூலுக்குச் சரியாகப் பிடித்தால், அதன் வால் மறுபக்கம் கொஞ்சம் துருத்தும், இல்லையென்றால் கொஞ்சம் உள்வாங்கும். நூல் பிடித்த பக்கம் தகடு மாதிரி இருக்கும். மறுபக்கம் பல்லிளிக்கும்.

"எந்தச் சொவருக்கும் ஒரு மொகம், ஒரு முதுகு. ரெண்டு மொகம் வராது டீச்சர். மனுசனுக்கே ஒண்ணுதான குடுத்திருக்கான். வீட்டுச் சொவருன்னா மொகம் வெளிய. காம்பவுண்டுன்னா மொகம் ரோட்டப் பாத்து. இது ரெண்டு வீட்டுக்கு நடுவுல உள்ளது, ரெண்டு பேரும் சொந்தக்காரவுக. அதான் கேக்கேன்."

பின்னாளில் நினைத்துப் பார்த்திருக்கிறேன். இதை அவர் கேட்காமலே கட்டியிருக்கலாம். எப்படியும் பூசப் போகிற சுவர், பூச்சு ஏறிய பிறகு எது முகம், எது முதுகு என்று கட்டியவருக்கே தெரியாது. ஆனால் மரியாதை தெரிந்த மனிதர். இரண்டு வீட்டிலும் கைநனைக்கப் போகிறவர், ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவருக்கு முதுகைக் கொடுப்பது முறையல்ல என்று நினைத்துவிட்டார். நல்ல பழக்கம் நான்கு இருந்தால் அதில் ஒன்று குடியைக் கெடுக்கும்.

"எனக்கு எந்தப் பக்கம்னாலும் சரிதான்" என்றாள் தங்கை.

"எனக்கும்தான்" என்றேன்.

"அப்ப டீச்சர் பக்கம் பிடிச்சிருதேன்" என்றார் அவர், வேலை முடிந்த நிம்மதியில்.

"ஏன், அவ டீச்சர்னா? சொவரு என்ன அவகிட்ட படிக்கவா போகுது?" என்றாள் தங்கை.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான், "பின்ன முதுகு எனக்கா?" என்றேன். அதற்குப் பிறகு எப்போது சிரிப்பு நின்றது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. என் ஹால் ஜன்னலைத் திறந்தால் நேரே அந்தச் சுவர்தான், காலையும் மாலையும் நான் முதுகையா பார்த்துக்கொண்டிருப்பது என்றேன். தன் வீட்டுக்குத் துணி கொடுக்க நாலு பேர் வந்து போகிறார்கள், அவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்றாள் அவள். "அப்பா வீட்டையே வாங்கிக்கிட்ட" என்றேன். "ஒழுகுத வீட்ட" என்றாள். அஸ்திவாரம் தோண்டும்போது ஓட்டாஞ்சில்லும் பழைய பாட்டில் மூடியும் மேலே வருவதுபோல, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் கஞ்சி கொண்டுபோனது என்பது வரைக்கும் வந்தது. கொத்தனார் செங்கலைப் பூப்போலக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார். "அஸ்திவாரம் தரமட்டத்துக்கு வரட்டும். அதுவரைக்கும் நூலுக்கு வேலை கெடையாது. அதுக்குள்ள நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

அஸ்திவாரம் கருங்கல். ஒவ்வொரு கல்லையும் அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்து, சுத்தியலால் நாலு தட்டு தட்டி, அதற்கும் ஒரு முகம் கண்டுபிடித்து அழகாகத் திருப்பி வைத்தார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சில்லு செருகி, சாந்து ஊட்டி, ஒரு நகைக்கடைக்காரர் மாதிரி வேலை. மண்ணுக்குள் போய் மூடப்போகிற அந்த முகங்களைப் பற்றி நாங்கள் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் பேசி முடிவுக்கு வரவேண்டும் என்று அவர் சொன்னார். பேசினோம், அவரோடு. என் வீட்டில் அவருக்குச் சொதி வைத்தேன், கல்யாணத்துக்கு மறுநாள் மருமகனுக்கு வைக்கிற அதே பக்குவத்தில், தேங்காய்ப்பால் மூன்று முறை பிழிந்து. மறுநாள் அவள் வீட்டில் கூட்டாஞ்சோறு வாசனை வந்தது. நான் முந்திரிக்கொத்து செய்தேன். அவள் செங்கோட்டைக்கு ஆள் அனுப்பி மங்குஸ்தான் வாங்கினாள். கூட வந்த சித்தாள் அம்மா, வாய்த் துடுக்கானவள், இரண்டு பக்கமும் சாப்பிட்டுவிட்டு, "இது மாதிரி வேல வருசத்துக்கு ஒண்ணு கெடச்சா போதும்க்கா, ஒடம்பு தேறிரும்" என்றாள்.

அந்தச் சமயத்தில் சாரல் தொடங்கியது. எங்கள் ஊரில் சாரல் தொடங்கினால் வெளியூர்க்காரர்களுக்குக் கொண்டாட்டம், கொத்தனாருக்குத் திண்டாட்டம். மலையை மேகம் மூடிவிட்டால் கலவை போட முடியாது. கொத்தனார் மணலைத் தார்ப்பாயால் மூடிவிட்டு அதன்மேல் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருப்பார். வேலை இல்லாத நாளிலும் சாப்பிட வந்துவிடுவார், கடமை தவறாதவர்.

எங்கள் பேச்சு நின்றிருந்தது. ஒருவரையொருவர் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். அவள் கோழி என் முற்றத்துக்கு வந்தபோது நான் விரட்டினேன். விரட்டிவிட்டு உள்ளே வந்து, மடித்து வைத்திருந்த துணியைப் பிரித்துப் பிரித்து மடித்தேன். தொழுவத்தில் மாட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிய கை ஞாபகத்துக்கு வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் முதலில் போய்ப் பேசுவதற்கு வாய் வரவில்லை. அக்காவுக்கு என்று ஒரு இது இருக்கிறதல்லவா, அது விடவில்லை.

ஒருநாள் நான் பள்ளிக்குக் கிளம்பி ஸ்கூட்டரை எடுக்கும்போது கொத்தனார் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, "டீச்சர், நூல் ஒங்க பக்கந்தான். நான் முடிவு பண்ணிட்டேன். தங்கச்சிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களும் காட்டிக்கிடாதிய" என்றார்.

கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்விட்டேன். வகுப்பில் அன்று ஒரு பிள்ளையையும் திட்டவில்லை.

சாயங்காலம் நானாகவே அவள் வீட்டுக்குப் போனேன். ஜெயித்தவர்களுக்கு இறங்கிப் போவதில் ஒரு சிரமமும் கிடையாது. "ஏட்டி, நமக்குள்ள என்ன சண்டை? நூலக் கொத்தனாரு இஷ்டத்துக்கு விட்டுருவோம். எந்தப் பக்கம்னு கேக்கவே வேண்டாம்" என்றேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானே வரணும்னு இருந்தேங்க்கா. எந்தப் பக்கம்னா என்ன, பூசிட்டா எல்லாம் ஒண்ணுதான" என்றாள். கண் கலங்கியிருந்தது. பாவம், வெள்ளை மனசு, நம் ஏமாற்றுவேலை தெரியாமல் இப்படி உருகுகிறாளே என்று எனக்கு நெஞ்சு கனத்தது. கனத்தாலும் உள்ளே ஒரு மூலையில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சுவர் எழும்பியது. நான் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன், சனிக்கிழமையும் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ். அவளும் கடையில் இருப்பாள். நாங்கள் வருவதற்குள் நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு கரண்டியைக் கழுவிக்கொண்டிருப்பார் அவர். ஒருநாள் மட்டும் சீக்கிரம் வந்துவிட்டேன். தங்கையின் வீட்டுப் பக்கம் நின்று அவர் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. "அண்ணாச்சி, என்ன அங்கன நிக்கிய?" என்றேன். "நிக்கிதது இங்கன, நூலு அங்கன. இங்கனதான் நெழலு கெடக்கு டீச்சர்" என்றார். சித்தாள் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு நூலைப் பற்றிக் கேட்டேன். "அது கொத்தனாருக்கும் அவுக மனசாட்சிக்கும் உள்ள விசயம்க்கா" என்று சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நியாயமான பதிலாக எனக்குப் பட்டது.

ஆள் உயரத்துக்கு மேலே சுவர் நின்றபிறகு, சாரலும் அடுத்து ஐப்பசி மழையும் முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு தையில் பூசலாம் என்று சொல்லிவிட்டு, கொத்தனார் ஆரியங்காவு தாண்டி கொல்லம் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். அங்கே கூலியும் கூட, சாப்பாட்டைப் பற்றித் தெரியவில்லை.

அதற்குப் பின்னால் வந்த மாதங்களைப்போல நானும் என் தங்கையும் எந்தக் காலத்திலும் ஒற்றுமையாக இருந்ததில்லை. எனக்குக் காரணம் தெரியும். ஒவ்வொரு நாள் காலையிலும் ஜன்னலைத் திறந்தால் என் பக்கத்துச் சுவர் நூல் பிடித்தாற்போல நேராகத் தெரியும். பாவம், அவள் அந்தப் பக்கம் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று தோன்றும். உடனே ஒரு கிண்ணத்தில் சொதியை ஊற்றிக்கொண்டு போவேன். என் வீட்டுப் பலா மரத்தின் முதல் பழத்தை அறுத்து அவளுக்குத்தான் முதலில் கொடுத்தேன். அவளோ என் ஜாக்கெட் எல்லாவற்றையும் தானாகவே எடுத்துப்போய்ப் பிரித்து அளவு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ஆடியில் இரண்டு பேரும் ஐந்தருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் கூட்டம் நெரித்தது. அவள் முழங்கையால் இடித்து இடம் பிடித்து, தண்ணீர் நன்றாக விழுகிற இடத்தில் என்னை நிறுத்திவிட்டு, தான் ஓரத்தில் தெறிக்கிற தண்ணீரில் நனைந்துகொண்டு நின்றாள். சின்ன வயதில் அவள் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துவிட்டு அந்த இடத்தில் நிற்பாள். ஆளே மாறிவிட்டாளே என்று நினைத்தேன்.

அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்ததில்லையா என்று கேட்கலாம். பார்த்தேன். கோணலாகத்தான் தெரிந்தது. இருபது வருஷமாக நேர்கோடு சொல்லிக்கொடுக்கிற கண் இது.

சொந்தக்காரர்களுக்குத்தான் ஏமாற்றம். "சொவரு கட்டியும் ஒட்டிக்கிட்டுத் திரியுதாளுவ" என்று ஒரு சித்தி மனம் நொந்து சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

தை பிறந்தது. பூச்சு வேலைக்கு வேறு ஒரு கொத்தனார் வந்தார், திருவேங்கடம் ஊர்ப் பக்கத்துக்காரர். வெயிலில் காய்ந்த ஊர், வளைத்துப் பேசத் தெரியாது. முதலில் என் பக்கம், அதற்கப்புறம் அவள் பக்கம் என்று ஏற்பாடு. பூசுவதற்கு முன்னால் சுவரில் அங்கங்கே ஒரு உருண்டை சாந்தை அப்பி, தூக்குக்குண்டு விட்டு, எங்கெங்கே எவ்வளவு கனம் பூச வேண்டும் என்று பார்ப்பார்கள். அவர் ஒரு உருண்டை வைத்தார், குண்டை விட்டார், இன்னொரு உருண்டை வைத்தார். தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா, சொவரு இவ்வளவு உள்ள போயி வெளிய வருது? கனமா அப்பணும். சல்லி வச்சு நெரப்பணும்."

"நூல் பிடிச்ச பக்கம்தான இது?" என்றேன்.

அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதுவா? இது முதுகும்மா. கண்ணத் தொறந்து பாருங்க, கல்லு பல்லு பல்லா நிக்கி."

கண்ணைத் திறந்து பார்த்தேன். நின்றது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் துருத்திக்கொண்டு நின்றது. தினமும் காலையில் எந்தச் சுவரைப் பார்த்தேன் என்று எனக்கே புரியவில்லை. ஆறு மாதமாக ஒரு முதுகுக்கு முகம் என்று பேர் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் நூல் அவள் பக்கம். சொதி சாப்பிட்ட வாயால் என்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் அந்த ஆள். அவளுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஜாக்கெட் தைத்துக் கொடுத்ததும், அருவியில் இடம் விட்டதும் எதற்கு என்று இப்போதுதான் விளங்கியது. என்னை ஏமாற்றிவிட்டோம் என்ற உறுத்தலில் செய்திருக்கிறாள். எவ்வளவு நெஞ்சழுத்தம்!

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டைத் திறந்து அவள் வீட்டுக்கு நடந்தேன். கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படியானது.

அவள் மிஷினில் உட்கார்ந்து எதையோ தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கால் நின்றது. எழுந்தாள். "எக்கா, பூச்சு ஆரம்பிச்சிட்டாகளா? ஒம் பக்கம் எப்படி வருது?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அவள் கண்ணில் இருந்த பயத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். மார்க் ஷீட்டை வாங்குமுன் பிள்ளைகள் அப்படித்தான் பார்க்கும். இந்த நிமிஷம் நான் வாயைத் திறந்தால் இனி எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு என்று ஒன்று இருக்காது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் நான் எங்கே நின்று அழுவேன்? என் வீட்டில் தொழுவம்கூடக் கிடையாது.

"நல்லா வருதுட்டி. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "பொய் சொல்லாதக்கா" என்றாள். தோள் குலுங்கியது. "நூலு எம் பக்கம். அந்தக் கொத்தனாரு அன்னைக்கே எங்கிட்ட ரகசியமாச் சொல்லிட்டாரு. ஒங்கிட்ட சொல்லிரணும், சொல்லிரணும்னு பாக்கேன், வாய் வரல. நீ தெனமும் கிண்ணத்தத் தூக்கிட்டு வரும்போது செத்துரலாம் போல இருந்துச்சு."

எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தங்கை தலையைத் தடவிக் கொடுத்தேன். மன்னிக்கிற சுகம் இருக்கிறதே, அது ஜெயிக்கிற சுகத்தைவிடப் பெரியது. "போனாப் போகுதுட்டி. எனக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியுமா?" முந்தானையை விலக்கினாள். "எப்ப தெரியும்?"

"இப்பத்தான். பூச்சுக்காரர் சொன்னாரு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். யோசித்தாள். துணியை வெட்டுமுன் ஒருமுறை பார்ப்பாளே, அப்படி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இப்பத்தான் தெரியும்னா, இவ்வளவு நாளு எனக்கு எதுக்குச் சொதி கொண்டுவந்த?"

கணக்கு டீச்சர் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்தது. மிஷினில் பாதி தைத்திருந்த துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது என்னுடைய ஜாக்கெட்தான்.

"அந்தாளு ஒங்கிட்டயும் சொன்னாராக்கா?"

தலையை ஆட்டினேன்.

அவள் சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன், அந்த நாளே கதை முடிந்திருக்கும். அவள் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் மனதுக்குள் பின்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தோம். பலாப்பழம், பிரித்துத் தைத்த ஜாக்கெட்டுகள், அருவியில் விட்ட இடம். அதில் எது பாசம், எது உறுத்தல் என்று பிரித்தெடுக்க இரண்டு பேராலும் முடியவில்லை. "பூச்சுக்காரரு தேடுவாரு" என்று சொல்லிவிட்டு நான் வந்துவிட்டேன்.

சுவர் இரண்டு பக்கமும் பூசியாகிவிட்டது. என் பக்கம் சல்லி வைத்து நிரப்பினார்கள், அவள் பக்கம் மெல்லிசாக இழுத்துவிட்டார்கள். இப்போது யார் வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. நான் ஒருமுறை கன்னத்தை ஒட்டவைத்து ஒரு கண்ணை மூடிக்கூடப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது.

ஆனால் கிண்ணங்கள் நின்றுவிட்டன. அவளுக்குக் கொடுப்பதற்கு எனக்குக் காரணம் இல்லை, எனக்குத் தைப்பதற்கு அவளுக்கும் இல்லை. நாங்கள் சண்டை போடவில்லை. ரோட்டில் பார்த்தால், "கடைக்கா?" "ஆமாக்கா" என்று பேசிக்கொண்டோம். யாரும் யாரையும் ஏமாற்றாத, யாரும் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லாத, சுத்தமான நிலைமை. அதைப்போல ஒரு வெறுமையை நான் அனுபவித்ததில்லை. சமையலறையில் தேங்காயைத் துருவிக்கொண்டே அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். பேச்சு நிற்பதற்குச் சண்டைகூடத் தேவையில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பேசுவதற்கு எதுவும் இல்லாமல் போனாலே போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் குரல் வந்தது.

"எக்கா, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்கா?"

கறிவேப்பிலை மரம் நிற்பது அவள் வீட்டில். என்னிடம் செடிகூடக் கிடையாது. அந்த மரத்திலிருந்து ஒரு கிளை சுவரைத் தாண்டி என் பக்கம் வளர்ந்து தொங்குகிறது, அவ்வளவுதான்.

மீந்து கிடந்த செங்கலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏறினேன். அந்தக் கிளையில் கொஞ்சம் ஒடித்துச் சுவருக்கு மேலே நீட்டினேன். கீழே அவள் கை தெரிந்தது, விரலில் தையல் ஊசி குத்திய தழும்புகளோடு. வாங்கிக்கொண்டது.

"போதுமாட்டி?" என்றேன்.

"இன்னும் ரெண்டு இணுக்கு தாக்கா" என்றாள்.